வீரணன் தின்னாத முட்டை

விடியற்காலையில் செத்துப்போன மாமா வீரணனின் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டக் குனிந்த மனோஜ், துணியைப் பிடித்தபடி சற்றுக் காத்திருந்தான். கை ஆடி முடிக்கட்டும் என்று. அது ஆடவில்லை. "அட, ஆமால்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முடிச்சுப் போட்டான்.

பக்கத்தில் நின்ற வீரணனின் மகள் பவதாரணிக்கு அழுகையும் வந்தது, பாழாய்ப்போன சிரிப்பும் வந்தது. அப்பாவின் கை சும்மா கிடந்து அவள் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

வீரணன் போடியில் ஏலக்காய் வியாபாரி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காயை உருட்டியே தரம் சொல்கிறவர். அதனால் காய் இல்லாமலே விரல்கள் உருள ஆரம்பித்தபோது ஊரில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. போடிமெட்டிலிருந்து ஜீப்பில் மூட்டை கொண்டுவந்த தோட்டக்காரர்கள்தான் பதறினார்கள். "அண்ணே இன்னும் உருட்டிக்கிட்டே இருக்காரே, காய் சரியில்ல போல" என்று அவர்களாகவே விலையைக் குறைத்தார்கள். அது பார்க்கின்சன் வியாதி என்று மதுரை டாக்டர் சொல்வதற்குள், வீரணனுக்கு நல்ல லாபம் பார்த்துக் கொடுத்துவிட்டது.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். மூளைச் செல்களைச் சாகவிடாமல் காக்கிற புரோட்டீன் ஒன்று தலைக்குள்ளேயே இருக்கிறதாம். சிலருக்கு அது சரியாக வேலை செய்யாமல் போய்விடுகிறதாம். ஆராய்ச்சி நடக்கிறதாம்.

"மண்டைக்குள்ள காவக்காரன் தூங்கிட்டான், அப்படித்தான சார்?" என்றார் வீரணன்.

அவர் பெண்டாட்டி அன்னக்கொடி காதில் விழுந்தது புரோட்டீன் என்ற ஒரே சொல். போடியில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேராக முட்டைக் கடைக்குப் போனாள். அன்றிலிருந்து தினமும் காலையில் மாத்திரையும் அவித்த முட்டையும் ஒரே தட்டில் வந்தன.

விரலைக் கட்டிய கையோடு மனோஜ் தன் வாயையும் கட்டியிருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறவன் ஆயிற்றே, யாரும் கேட்காமலே ஆரம்பித்தான். "முட்டையையும் மாத்திரையையும் ஒண்ணாக் குடுத்தா மாத்திரை ஏறாது அத்தே. முட்டையில உள்ள புரோட்டீன் மறிச்சுப்புடும். இம்புட்டு வருசமா குடுத்துருக்கீங்களே!"

ஒப்பாரி பட்டென்று நின்றது. அன்னக்கொடி மனோஜைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். பவதாரணி பின்னாலேயே ஓடினாள்.

"நானாடி கொன்னேன்?"

"இல்லம்மா. நெஞ்சுல சளி கட்டி நிமோனியா ஆயிருச்சுன்னு டாக்டரே சொன்னாருல்ல."

"நான் முட்டையக் கேக்குறேன்."

சொல்ல மாட்டேன் என்று பவதாரணி அப்பாவிடம் சத்தியம் செய்திருக்கிறாள். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இந்த நினைப்போடு விட்டால் அடுத்த சாவு இவளுடையதுதான். சத்தியமாவது மண்ணாவது என்று தோன்றிவிட்டது.

"அப்பா ஒரு முட்டைகூடத் தின்னதில்லம்மா. ரெண்டையும் ஒண்ணாக் குடுக்காதீங்கன்னு மதுரைக்குப் போன அன்னைக்கே டாக்டர் எங்கிட்டச் சொன்னாரு. ஒங்கிட்டச் சொல்லத்தான் வந்தேன். அப்பாதான் 'சொல்லாத ஆத்தா, என்னையக் குணப்படுத்திருவோம்னு அந்த முட்டைய வச்சுத்தான் தெம்பா இருக்கா, வேணாம்னா ஒடஞ்சு போயிருவா'ன்னுட்டாரு."

"என் கையாலதானடி குடுத்தேன்!"

"'நீ போ, மெல்லத் தின்னுக்கிறேன்'னு சொல்வாருல்ல?"

"அப்ப அம்புட்டையும் தின்னது யாரு?"

பவதாரணியின் பார்வை அடுத்த வீட்டுச் சுவர்ப் பக்கம் போனது. அதுவே போதும். மனோஜின் அம்மா சோலையம்மாள் அடுத்த வீடு. காலையில் தம்பியைப் பார்க்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள் என்று அந்தப் பாசத்தைத் தெருவே மெச்சும்.

அன்னக்கொடி விறுவிறுவென்று உள்ளே வந்து அவள் எதிரில் நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததுமே சோலையம்மாளுக்கு விளங்கிவிட்டது.

"தம்பி ஆசையாக் குடுப்பான். வேணாம்னா சங்கடப்படுவானேன்னுதான்..." என்று இழுத்தாள்.

"நல்லா இருங்க மதினி. இந்தச் சென்மத்துல ஒங்களுக்குக் கை ஆடாது."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அன்னக்கொடி கைகொள்ளாமல் அள்ளினாள்.

"படுபாவி மனுசா, நானே ஒன்னையக் கொன்னுட்டேனோன்னு இப்பத்தான் எனக்கு உசுரு போயித் திரும்புச்சு" என்றாள். "இதையாச்சும் யாருக்கும் குடுக்காம நீயே தின்னு."

நாலைந்து அரிசி கன்னத்தில் சரிந்தது. அடுத்தவர்கள் வரிசையில் காத்து நிற்க, அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் உதட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.