ஒரு வண்டி, ஒரு ஆள்

மூன்று நாளாக அந்தச் சந்தில் புதுக் குப்பை வண்டியின் இரும்புக் கை ஒரு தொட்டியைக்கூடத் தவறவிடவில்லை. டிரைவர் இருக்கையை விட்டு இறங்கவே இல்லை. மேற்பார்வையாளனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களாக்கா? ஒரு வண்டி, ஒரு ஆள். நாலு பேர் பாத்த வேலை!" என்று அவளிடமே வந்து சொன்னான். பதினொரு வருடமாக அந்த நாலு பேரில் ஒருத்தி அவள். நாளை பெரிய அதிகாரி வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டால் நாலு பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அன்று வேலை முடிந்து கை கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வண்டிக்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு தொட்டியையும் சக்கரம் சுவர்ப்பக்கம் வரும்படி திருப்பி, இடையில் ஒரு முழம் விட்டு, குறுக்கே நின்ற ஸ்கூட்டர்களை நகர்த்தி வைத்தது யார்? அவள்தான். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. கோணலாக ஒரு தொட்டியைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாள், அதுவும் மூன்று நாளாக! வந்த கோபத்தில் சோப்பை இரண்டு தடவை போட்டாள்.

மறுநாள் அதிகாரி அட்டையும் பேனாவுமாக வந்து நின்றார். அவள் முதல் குடியிருப்பின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

முதல் தொட்டி சக்கரம் தெருப்பக்கமாக நின்றது. இரும்புக் கை அதைத் தடவிப் பார்த்து, இடித்து, உருட்டித் தள்ளியது. இரண்டாவது தொட்டியை ஒரு ஸ்கூட்டர் மறைத்துக்கொண்டிருந்தது. வண்டி கீச்கீச்சென்று கத்தியது. பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன.

மேற்பார்வையாளன் ஓடிவந்தான். "அக்கா, அந்தத் தொட்டிய கொஞ்சம் திருப்பி வைங்களேன்."

"அது யாரு வேல தம்பி?"

"மானத்த வாங்காதீங்கக்கா. பெரியவர் பாக்குறாரு."

"பாக்கட்டும். ஒரு ஆள் போதும்னு நீதான சொன்ன? ரெண்டாவது ஆளு வேணும்னா அத எழுதிக்கச் சொல்லு. எழுதினப்புறம் எந்திரிக்கிறேன்."

அவள் வேண்டுமென்றே சத்தமாகத்தான் சொன்னாள். அதிகாரி நிமிர்ந்தார். பேனா தாளுக்கு மேல் நின்றது. டிரைவர் கதவைத் திறந்து, ஒரு காலை மட்டும் கீழே தொங்கவிட்டு, இறங்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தார்.

உருண்ட தொட்டி அவள் காலடியில் கோணலாகக் கிடந்தது. குனிந்தால் எட்டிவிடும். விரல்கள் பரபரத்தன. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.