உங்களையும் தாண்டி உழைக்கும்

கடையில் அவரை எல்லாரும் 'கேரண்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிட்ஜோ வாஷிங் மெஷினோ, எதுவானாலும் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க சார், இது உங்களையும் தாண்டி உழைக்கும்" என்பார். பல்செட் கட்டிய பெரியவர் ஒருவரிடமும் கூசாமல் இதையே சொன்னார். அவர் நிதானமாக, "அப்ப அடுத்த மாசம் வரைக்குமாவது வரும்ங்கறே?" என்று கேட்க, கடையே சிரித்தது. பிரிட்ஜை வாங்கிக்கொண்டுதான் போனார் பெரியவர். ஒரு சாமானைப் புகழ அதைவிட நல்ல பேச்சு கேரண்டிக்குத் தெரியாது.

அவர் மனைவியின் நெஞ்சில் ஒரு பேஸ்மேக்கர் இருந்தது. இதயம் துடிக்கச் சுணங்கினால் தட்டி எழுப்புகிற சின்னப் பெட்டி. பேட்டரி தீர்ந்தால் மறுபடி நெஞ்சைக் கீறித்தான் மாற்ற வேண்டும். முதல் தடவை பட்டபாடே போதும் என்று அவள் கும்பிடு போட்டிருந்தாள். கொஞ்ச நாளாக நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. பேட்டரிதான் போய்விட்டது என்று புருஷனும் பெண்டாட்டியும் தாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

பரிசோதனை முடிந்ததும் அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டர் இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"பேட்டரியில இன்னும் மூணு வருஷத்துக்குச் சார்ஜ் இருக்குங்க. மாத்துற வேலையே வராது. அது அவங்களைத் தாண்டி வரும்."

கேரண்டியின் முகம் மலர்ந்துவிட்டது. தொழில் புத்தி எங்கே போகும்? "நல்ல சரக்குதான் போலிருக்கு டாக்டர்," என்றார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் சொன்னது உங்களுக்குப் புரியலை. பெட்டி நல்லா இருக்கு. அவங்க இதயம்தான் ரொம்பத் தளர்ந்துபோச்சு."

ஒன்று தாண்டி வந்தால் இன்னொன்று நின்றுபோக வேண்டும். தாண்டி வருவதையே காட்டிக் காலமெல்லாம் விற்றவர், நின்றுபோகிற ஆளை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது அந்த ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பாவி, அதைப் போய்ச் சரக்கு என்று மெச்சினோமே என்று அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எதையாவது மாத்திப் போட முடியாதா டாக்டர்? என்ன செலவானாலும்..."

"பெரிய ஆபரேஷனை அவங்க உடம்பு தாங்காதுங்க."

"அப்ப எவ்வளவு நாள்?"

"மாசக் கணக்குதான். அவங்ககிட்ட நானே சொல்லட்டுமா?"

"வேண்டாம், நானே சொல்றேன்," என்று எழுந்தார். நாள் முழுக்க ஓயாமல் பேசுகிற மனுஷன், கதவுவரை நடப்பதற்குள் நாலு வார்த்தை சேர்க்க முடியாமல் தவித்தார்.

அவரைக் கண்டதும் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "என்னங்க, கீறணுமாமா?"

"வேண்டாமாம்."

"நிஜமாவா? பேட்டரி நல்லா இருக்கா?"

"இன்னும் மூணு வருஷம் வருமாம்."

மீதியையும் சொல்லிவிட வாயைத் திறந்தார். அதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். "மூணு வருஷமா! அதுக்குள்ள நம்ம பொண்ணு படிப்பு முடிஞ்சிடும். அப்புறம் தாராளமா கீறட்டும், நான் பயப்படமாட்டேன். நீங்க மட்டும் லீவு கீவு கிடைக்கலைன்னு சாக்குச் சொல்லாம பக்கத்துலயே இருக்கணும். இருப்பீங்கல்ல?"

"நான் இருப்பேன்," என்றார் அவர். அது மட்டும் உண்மை.