வலை போட்டு விரட்டிய ஆந்தைகள்

என் அக்கா கணவருக்குப் பழைய கார் வாங்கி விற்கும் தொழில். தனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமில்லை என்ற நினைப்பு அவருக்குப் பிறவியிலேயே உண்டு. தகரக் கூரை போட்ட பெரிய ஷெட்டில் கார்கள் நிற்கும். வாங்க வருபவர்களிடம் பல்லைக் காட்டுவது என் வேலை.

ஷெட்டின் கூரை இடுக்கில் ஒரு ஜோடி ஆந்தை குஞ்சு பொரித்துக் குடியிருந்தது. பின்பக்கம் தானியக் கிடங்கு. அங்கிருந்து எங்கள் பக்கம் எட்டிப் பார்த்த எலி உயிரோடு திரும்பியதில்லை. மாமாவின் கண்ணுக்கு அதெல்லாம் தெரியவில்லை. பாலிஷ் போட்டு நிறுத்திய வெள்ளைக் காரின் மேல் விழுந்த எச்சம்தான் தெரிந்தது.

"ஓசியில குடியிருக்கிறது பத்தாதுன்னு என் கார் மேலயே கக்கூஸ் போகுதா?" என்று குதித்தார்.

சாப்பாடு கொண்டுவந்திருந்த அக்கா, "மேல ஒரு உறையப் போட்டு மூடுங்களேன். எலி பிடிக்குதில்ல அதுங்க?" என்றாள்.

"எலி பிடிக்க நான் பறவைகிட்டப் போய்க் கையேந்தணுமா?"

குஞ்சுகள் பறக்கும்வரையாவது பொறுத்தார். அதற்கே அக்கா அவரோடு பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு ஆந்தைகள் வெளியே போன நேரம் பார்த்து இடுக்கையெல்லாம் கம்பிவலையால் அடைத்தார். திரும்பி வந்தவை வலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு எங்கோ போய்விட்டன. யானையை அடக்கியவர் போல மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

எலிகளுக்குச் சேதி போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. முதலில் சீட்டுப் பஞ்சைத் தின்றன, அப்புறம் ஒயர். வெள்ளைக் காரை ஓட்டிப் பார்க்க வந்த பல் டாக்டர் சாவியைத் திருப்பியதும் வைப்பர் மட்டும் ஆடியது.

"வைப்பர் நல்லா ஓடுது. கார் எப்ப ஓடும்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மாமா விஷம் வைத்தார். தின்ற எலிகள் கார்களுக்குள்ளேயே ஒதுங்கிச் செத்தன. ஏசியைப் போட்டால் வந்த நாற்றத்தில் ஒரு குடும்பமே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது.

அப்போதாவது இறங்கி வந்தாரா? ஒரு பிளாஸ்டிக் ஆந்தையை வாங்கிவந்து உத்தரத்தில் உட்காரவைத்தார். "இது எச்சம் போடாது, பாத்தியா?"

"மூளையும் கிடையாது. உங்களுக்குப் பொருத்தமான ஜோடிதான்" என்றாள் அக்கா.

ஒரே வாரத்தில் ஒரு எலி அதன் வயிற்றில் ஓட்டை போட்டு உள்ளே குட்டி போட்டிருந்தது.

அக்கா யாரையும் கேட்கவில்லை. ஆளைக் கூட்டிவந்து வலையை அறுக்கச் செய்தாள். தச்சரிடம் சொல்லி ஆந்தைகள் தங்க ஒரு மரப்பெட்டியும் மாட்டினாள். பெட்டி காலியாகவே கிடந்தது. விசாரித்தால், எங்கள் ஆந்தைகள் தானியக் கிடங்கின் மாடத்தில் ராஜபோகமாக இருந்தன.

"உங்க வீட்டு விருந்தாளிங்களா?" என்று சிரித்தார் கிடங்கு மேலாளர். "போன வருஷம் மூட்டையில பாதிய எலி தின்னுச்சு. இப்ப நிம்மதியாத் தூங்குறேன். திருப்பியெல்லாம் தர மாட்டேன்மா."

அடுத்த பருவத்தில் வேறொரு இளம் ஜோடி எங்கள் பெட்டிக்கு வந்தது. ஒயர்கள் பிழைத்தன.

இப்போது வருகிற ஒவ்வொருவரிடமும் மாமா அந்தப் பெட்டியைக் காட்டுகிறார். "பறவைங்க இல்லேன்னா நாம இல்ல சார். எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே அதுங்க மேல ஒரு பாசம்" என்கிறார். அக்காவுக்காக நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுகிறேன்.