லிஃப்ட்காரர் நிறுத்திய பக்கம்

அந்த எட்டு மாடி அரசாங்கக் கட்டடத்தில் லிஃப்டில் ஏறியவர்கள், லிஃப்ட்காரர் அப்போது படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை, அவர் நிறுத்தியிருந்த பக்கம் வரைக்கும் படித்தவர்களாக இறங்கினார்கள். முதல் மாடியில் இறங்கியவர்களுக்குக் கதையின் எலும்புக்கூடு மட்டும் கிடைத்தது. நாலாவது மாடிக்குப் போனவர்களுக்கு ஆட்களின் பெயர்களும் முகங்களும் சேர்ந்து வந்தன. எட்டாவது வரை போனவர்களுக்கு ஒரு காற்புள்ளிகூடத் தப்பவில்லை. அவர் வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம் இது தொடங்கியது. கடல் பயணக் கதை ஒன்றில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அவர் லிஃப்டை ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஆறாவது மாடி பென்ஷன் குமாஸ்தா கதவு திறந்ததும் வெளியே கால் வைத்தவர் நின்று, “பாவம்ண்ணே அந்தக் கப்பல் சமையல்காரன். தீவுல அவனைத் தனியா விட்டுட்டுக் கிளம்பிட்டாங்களே,” என்றார். லிஃப்ட்காரர், “இல்ல, திரும்பி வருவாங்கன்னு நினைக்கிறேன்,” என்றார். அதற்குப் பிறகுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு மாதத்தில் அது எல்லோருக்கும் பழகிவிட்டது. இரண்டாவது மாடிக்காரர்கள் எட்டு வரை போய்விட்டு இறங்கி வந்தார்கள். காலையில் ஏறியவர்கள் மத்தியானம் ஏறப்போகிறவர்களிடம் கொலைகாரன் யாரென்று சொல்லக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. விண்ணப்பம் கொடுக்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் பாதிக் கதையைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பி, தூக்கம் கெட்டு, மீதியைக் கேட்டு அஞ்சலட்டை போட்டார்கள். ஒருவர் தன் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்துவிட்டதாக மூன்று தடவை வந்தார். ஒவ்வொருவரும் தனக்கு உயிரான புத்தகத்தைக் கொண்டுவந்து லிஃப்ட்காரரின் முக்காலியில் வைத்துவிட்டு, “அவசரமில்லண்ணே, சும்மா பாருங்க,” என்று சொல்லிவிட்டு, மறுநாளே வந்து ஆரம்பித்தாயிற்றா என்று முகத்தைப் பார்த்தார்கள். தான் அழுத இடத்தில் கட்டடமே அழ வேண்டும் என்பது அவர்கள் ஆசை. லிஃப்ட்காரர் யார் மனதையும் நோகடிக்காதவர். எல்லாவற்றையும் படித்தார். மனைவியை இழந்த சுகாதாரத்துறை அதிகாரி, “கொஞ்ச நாளைக்கு யாரும் சாகாத கதையா பாருங்களேன்,” என்று கேட்டபோது, ஏழு வாரம் யாரும் சாகாத புத்தகங்களாகத் தேடிப் பிடித்துப் படித்தார்.

அந்த லிஃப்டில் ஏறாத ஒரே ஆள் அவருடைய மனைவி. நாலாவது மாடியில் அவர் டெலிபோன் ஆபரேட்டர். இது தொடங்கிய பிறகு முதல் மூன்று வருடம் அவரும் ஏறிக்கொண்டுதான் இருந்தார். நின்றதற்குக் காரணம் ஒரு காலைச் சாப்பாடு. மனைவி ஒரு தடித்த நாவலைச் சேமித்துச் சேமித்துப் படித்து, கடைசி நாற்பது பக்கத்துக்கு வந்திருந்தார். அதே நாவலை எப்போதோ முடித்திருந்த கணவர், தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தபடியே, “அந்த லெட்டரையெல்லாம் எழுதினது டாக்டர்தான்னு தெரிஞ்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு,” என்று சொல்லிவிட்டார். மனைவி புத்தகத்தை மூடினார். கத்தவில்லை, அழவில்லை.

“உங்க லிஃப்டுல ஏறினா நீங்க படிச்சது என் தலையில ஏறுது. வீட்டுல உக்காந்தா நான் படிக்கிறதோட முடிவே வந்து விழுது. எனக்குன்னு ஒரு பக்கமாவது வேணுங்க,” என்றார்.

அன்றிலிருந்து அவர் படியேறினார். தரையிலிருந்து நாலாவது மாடிக்கு எண்பத்தெட்டுப் படிகள். தன் புத்தகங்களுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டார். என்ன படிக்கிறார் என்று சொல்லவில்லை, கணவரும் கேட்கவில்லை. மற்றபடி அவர்களுக்குள் ஒரு குறையும் இல்லை. காலையில் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்தார்கள், சாயங்காலம் அதே மாதிரி திரும்பினார்கள், யாரிடம் யார் என்ன சொன்னார்கள் என்று ஊர்க்கதை எல்லாம் பேசினார்கள். ஆனால் பஸ்ஸில் மனைவி பழுப்பு அட்டையை விரித்ததும் லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆயிரம் பேருக்குத் தான் படித்ததைக் கொடுத்தவருக்கு, பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்திருப்பவர் எதைப் பார்த்துத் தனக்குள் சிரிக்கிறார் என்று தெரியாது. இப்படிப் பதினோரு வருடம் போயிற்று.

பன்னிரண்டாம் வருடம் மனைவிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. படியேறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் ஊரின் மறுகோடியில் இருக்கும் கிளை அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு எழுதினார்.

“தரைத்தளம். படியே கிடையாது,” என்றார் கணவரிடம்.

“அது வேற பஸ்ஸாச்சே.”

“ஆமா, வேற பஸ்தான்.”

லிஃப்ட்காரர் அன்று சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தார். பிறகு, “அந்த மனுவை நாப்பது நாள் கையில வச்சிரு,” என்றார். நாற்பது நாள்தானே, அதுவரை நின்று நின்று படியேறிக்கொள்ளலாம் என்று மனைவியும் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் லிஃப்ட்காரர் படிப்பதை நிறுத்தினார். கையிலிருந்த புத்தகத்தை முந்தின இரவே முடித்திருந்தார், அடுத்ததைத் தொடவில்லை. லிஃப்டிலிருந்து ஒரு கதை வடிவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று அவருக்கு மட்டும் தெரியும். ஒருமுறை கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்த்திருக்கிறார். முதலில் ஆட்களின் பெயர்கள் போயின, பிறகு ஊர்கள் போயின, முப்பதாம் நாள் ஏறியவர்கள் எதற்கென்று தெரியாத ஒரு சின்ன வருத்தத்தோடு மட்டும் இறங்கினார்கள். இந்த முறையும் கட்டடம் வாடிப்போனது. தபால் பிரிவில் இரண்டு பேர் ஒன்றுமில்லாததற்குச் சண்டை போட்டார்கள். பென்ஷன் குமாஸ்தா முக்காலியில் புத்தகங்களை அடுக்கிப் பார்த்தார். லிஃப்ட்காரர் அவற்றை முதுகில் இருக்கும் தலைப்பு தெரியாமல் திருப்பி வைத்தார். கண் சும்மா இருக்குமா? ஒரு நாள் தன்னை மறந்து எதிரே இருந்த பலகையைப் படித்துவிட்டார். அன்று முழுக்க ஏறியவர்கள் எல்லோரும், எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது என்ற ஒரே நினைப்போடு இறங்கினார்கள்.

“என்னண்ணே இது, வெறும் பெட்டியில போற மாதிரி இருக்கு. உடம்புக்கு ஏதாவதா?” என்றார் குமாஸ்தா.

“நாலாவது மாடிக்கு ஒருத்தங்க வரணும்.”

அன்று மத்தியானம் முக்காலியிலிருந்த புத்தகங்களைக் குமாஸ்தாவே எடுத்துப் போய்விட்டார். லிஃப்ட்காரர் தினமும் காலையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியின் செருப்புச் சத்தத்தைக் கேட்டார். இருபத்திரண்டாம் படியில் அது நிற்கும். நாற்பத்து நாலில் இன்னும் அதிக நேரம் நிற்கும்.

நாற்பத்தோராம் நாள் காலை, பஸ்ஸை விட்டு இறங்கியதும், “லிஃப்டுல வா. உள்ள ஒண்ணுமில்ல, தொடச்சு வச்சிருக்கேன்,” என்றார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கட்டடத்தில் நடப்பது டெலிபோன் ஆபரேட்டருக்குத் தெரியாமல் இருக்குமா? நாற்பது நாளாக எல்லா மாடிகளிலிருந்தும் அதே புலம்பல்தான் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. கூடவே வந்து ஏறினார். கதவு சாத்திக்கொண்டது.

முதல் மாடி தாண்டியபோது லிஃப்ட்காரருக்கு ஒரு வீடு தெரிந்தது. இரண்டாவதில், அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த ஒரு பெயின்டர் தெரிந்தார். மூன்றாவதில், யாரோடும் பேசாத வீட்டுக்காரி தெரிந்தாள். அவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்தது கிடையாது. மனைவியின் கைப்பையில் பழுப்பு அட்டைக்குள் இருந்தது அது. காலியாக இருந்த மனதுக்குள் தானாக வந்து நிறைந்தது. கதை மட்டும் வரவில்லை. மனைவி எப்படிப் படிப்பார் என்பதும் வந்தது. இரண்டு வரி படித்துவிட்டு வெளியே பார்ப்பது, அறைகளின் வர்ணனையைத் தாவிவிட்டுப் பிறகு குற்ற உணர்ச்சியோடு திரும்பிப் போய்ப் படிப்பது, மறுநாளும் வரலாம் என்று பெயின்டர் ஏணியை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகும் பத்தியை மூன்று தடவை படித்து மூன்று தடவையும் சிரித்தது. போன வாரம் பஸ்ஸில் அவர் சிரித்தது இதற்குத்தான். லிஃப்ட்காரர் இத்தனை வருடம் ஆயிரமாயிரம் பேருக்குக் கொடுத்திருக்கிறார். வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன?” என்றார் மனைவி.

“அந்த ஏணியை…”

“வாயைத் திறக்காதீங்க!”

“நீ எங்க நிறுத்தியிருக்கியோ அங்கதான் நானும் நிக்கிறேன். அறுபத்தோராம் பக்கம். அதுக்கு மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது.”

நாலாவது மாடி வந்து, கதவு திறந்து, தானே சாத்திக்கொண்டது.

“சரி, அவ அவனுக்குக் கதவைத் திறப்பாளா, மாட்டாளா? நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றார் மனைவி. பதினோரு வருடத்தில் புத்தகத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. எட்டாவது மாடிக்குப் போய்த் திரும்பி வரும் வரை பேசினார்கள். கணவர் திறப்பாள் என்றார், மனைவி இப்போதைக்கு மாட்டாள் என்றார். மனு கைப்பையின் அடியில் கசங்கிப் போனது.

அதன் பிறகு அந்த லிஃப்டில் வந்ததெல்லாம் மனைவி படித்ததுதான். அவர் மூலமாக லிஃப்ட்காரருக்கு வந்து, அங்கிருந்து மற்றவர்களுக்குப் போனது. வேகம் குறைந்துவிட்டது என்று ஆரம்பத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு நாளைக்கு ஐந்து பக்கம், மனது சரியில்லாத நாளில் இரண்டு. பிறகு பழகிவிட்டது. “இப்ப வர்ற கதையில நின்னு மூச்சு விட இடமிருக்குண்ணே,” என்றார் பென்ஷன் குமாஸ்தா.

பெயின்டர் கதையில் ஒன்பது பக்கம் மிச்சமிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஆபீஸ் முடியும் நேரத்தில், மனைவி லிஃப்டுக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, “எட்டுக்குப் போய் நிறுத்துங்க,” என்றார். லிஃப்ட்காரர் நிறுத்தினார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மனைவி வாய்விட்டுப் படிக்கவில்லை. பக்கத்தில் நின்ற கணவருக்கு, அவர் கண் ஓடிய வேகத்தில் வரி வரியாக வந்துகொண்டிருந்தது. மனைவி ஒரு பக்கத்தைப் பின்னோக்கித் திருப்பினால் அவருக்கும் கதை ஒரு பக்கம் பின்னால் போனது.

கீழே மாடிக்கு மாடி மணி அடித்தார்கள். ஆறாவது மாடியில் பென்ஷன் குமாஸ்தா இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவர்களிடம், “அக்கா கடைசி அத்தியாயத்துல இருக்காங்க போல,” என்றார். எல்லோரும் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, திங்கட்கிழமை தெரிந்துவிடும் என்று பேசியபடி படியிறங்கிப் போனார்கள்.