முத்திரையிட்ட பையில் ஏழு காசுகள்

பல் டாக்டரை யாரும் கூப்பிடவில்லை. அவராகத்தான் போனார்.

பழம்பொருள் வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அறிவிப்பு வந்திருந்தது. பாதிப் பேர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இவர் மட்டும் கிளினிக்கை அரை நாள் மூடிவிட்டு, பதினெட்டு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஏழு வெண்கலக் காசுகளையும் பதிவு அதிகாரியின் மேஜைமீது வரிசையாகப் பரப்பினார்.

எல்லாம் ரோமப் பேரரசின் கடைசிக் காலத்துக் காசுகள். ஆறு மிகச் சின்னவை. குட்டிச் சிலுவைகளைப் பார்க்கவே பூதக்கண்ணாடி வேண்டும். ஏழாவதுதான் அவருடைய உயிர். மூன்றே வருடம் ஆண்டு மடிந்த ஓர் அரசன் அடித்த காசு. பின்பக்கம் முழுவதையும் ஒரே குறி அடைத்துக்கொண்டிருக்கும்: பெருக்கல் குறியின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு, கோட்டின் தலையில் ஒரு வளைவு. கிரேக்க மொழியில் கிறிஸ்துவின் பெயரிலுள்ள முதல் இரண்டு எழுத்துகள். டாக்டருக்குப் பக்தி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆட்சி ஆட்டம் காணும்போது ஒரு மனிதன் எதைப் பிடித்துக்கொள்கிறான் என்று பார்ப்பதில் அவருக்கு ஒரு பிடிப்பு, அவ்வளவுதான்.

அதிகாரி நல்ல அம்மாள். காசுகளோடு இருந்த அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் உங்க கையெழுத்தா டாக்டர்?"

"ஆமாங்க." டாக்டருக்குப் பெருமை. முத்து முத்தான எழுத்து.

"வித்தவங்க குடுத்த உறை, சீட்டு?"

"அதெல்லாம் ஒரே அழுக்கு மேடம். அழகா அட்டைல எழுதிக்கிட்டு, அதைத் தூக்கிப் போட்டுட்டேன்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எனக்கு அந்த அழுக்குதான் டாக்டர் வேணும்."

எங்கே, யாரிடம் வாங்கியது என்பதற்குத் தாள் இல்லை. எனவே விசாரணை முடியும்வரை காசுகள் அலுவலகத்தின் பொறுப்பில். உதவியாளர் ஒருவர் எடை போடுவதற்கு முன் ஈரத்துணியால் ஏழு காசுகளையும் ஒரு துடை துடைத்தார். அப்படியே பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாயை மடித்து ஒட்டி, அரக்கு வைத்தார்.

வெண்கலத்துக்கு ஈரம் ஆகாது. டாக்டருக்கு அது தெரியும். ஆனால் ஏற்கெனவே சிக்கலில் மாட்டியிருக்கிறோம், இதில் துணியைப் பற்றி வேறு ஏன் பேச வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டார். அந்த அரை நிமிட மரியாதைக்குத்தான் பிறகு அவர் தூக்கத்தைத் தொலைத்தார்.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாரு உங்களைக் கேட்டா? நீங்களாப் போய் நீட்டிட்டு வந்திருக்கீங்க!"

"சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு இருக்கு. இப்ப அது உங்க காசையும் வச்சிக்கிட்டு இருக்கு."

வக்கீலாக இருக்கும் அவள் தம்பிக்குப் போன் போட்டார்கள். "கேஸ் போட்டா ஜெயிக்கலாம் மச்சான்," என்றான் அவன். "என்ன, தீர்ப்பை வாங்கிக்க உங்க பேரன்தான் போகணும்."

பதினைந்து நாள் கழித்துப் பையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. பார்க்க மட்டும். ஏழாவது காசின் ஓரத்தில் வெளிர்பச்சையாக நாலைந்து புள்ளிகள். டாக்டர் அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"மேடம், இதுக்கு வெண்கல நோய்னு பேரு. சொத்தைப் பல்லு மாதிரி. மேல புள்ளிதான் தெரியும், உள்ள அரிச்சுக்கிட்டே போகும். பையப் பிரிச்சுக் காயவச்சாலே பாதி நின்னுடும். எங்கிட்ட மருந்துகூட இருக்கு."

"முத்திரையை மூணு பேர் கொண்ட குழு முன்னாலதான் உடைக்கணும் டாக்டர்."

"குழுவைக் கூப்பிடுங்களேன்."

"ஒருத்தர் ரிடையர் ஆயிட்டார். இன்னொருத்தருக்கு மாற்றல். இப்போதைக்கு மிச்சம் நான் ஒருத்திதான்."

மறுவாரம், ஈரம் உறிஞ்சும் உருண்டைகள் உள்ள பொட்டலம் நாலு எடுத்துப் போனார். அந்த அம்மாள் இரக்கப்பட்டு அவற்றை அலமாரியில் பைக்குப் பக்கத்தில் வைத்தார். மூடிய பைக்கு வெளியே வைத்து என்ன பயன்? இருந்தும் டாக்டர் மூன்று முறை நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் போனார். ஐந்து நிமிடம். பையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார்கள். புள்ளிகள் திட்டுகளாயின. திட்டுகள் பொடியாகிப் பிளாஸ்டிக்கில் அப்பிக்கொண்டன. நாள் முழுக்க அடுத்தவர் சொத்தையைச் சுரண்டி எடுக்கிற கை, மடியில் சும்மா கிடந்தது.

மூன்றாம் மாதம் மனைவியும் கூட வந்தாள். அன்றைக்கு அதிகாரி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"ஒரே ஒரு வழிதான். எனக்கு உரிமை வேணாம்னு எழுதிக் குடுத்துடுங்க. அப்புறம் இது வழக்குப் பொருள் கிடையாது, அரசாங்கச் சொத்து. குழு வேணாம். மியூசியத்துலேர்ந்து ஆள் வந்து நாளைக்கே பிரிச்சிடுவார்."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். பதினெட்டு வருடமாகச் செல்லாக்காசு என்று கேலி செய்தவள் அவள்.

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. "பொழைக்கும்னா குடுத்துடுங்க."

கையெழுத்துப் போட்டார்.

சொன்னபடி மறுநாள் மியூசியத்துக்காரர் வந்தார். அரக்கை உடைத்தார். "தள்ளி நில்லுங்க சார், தொட வேணாம்," என்றார். டாக்டர் சுவரோரமாக நின்றார்.

சின்னக் காசுகள் ஆறும் சிறு கறைகளோடு தப்பித்து வந்தன. ஏழாவது வரவில்லை. பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருந்தது. "மெதுவா, ஓரத்துலேர்ந்து..." என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அவர் பிய்த்துவிட்டார். காசு கைக்கு வந்தது. அதன் தோல் பையிலேயே தங்கிவிட்டது.

மியூசியத்துக்காரர் பதிவேட்டைத் திறந்தார். "பின்பக்கம் என்ன?"

டாக்டர் குறியைச் சொன்னார். அவர் பூதக்கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்."

டாக்டர் போனில் இருந்த படத்தை நீட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இந்தக் காசுதான்னு யார் சொல்றது?"

"நான் சொல்றேங்க!"

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க சொன்னாப் போதும்னா டாக்டர், நான் மொத நாளே விட்டிருப்பேனே."

மியூசியத்துக்காரர் எழுதினார்: வெண்கலம். பின்பக்கம் சிதைவு. குறி தெரியவில்லை.

மேஜையில் பை மட்டும் கிடந்தது. அதன் உட்புறத்தில், பச்சைப் பொடியில், தலைகீழாக அந்தக் கோடுகள் லேசாகத் தெரிந்தன. டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்தப் பையையாவது எடுத்துக்கலாமா மேடம்?"

"பை ஃபைலுக்குப் போகணும் டாக்டர்." அந்த அம்மாளின் குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. "எண்ணிக்கைல சேத்தி."

அவர் பையை நாலாக மடித்தார். உள்ளே பொடி உதிரும் ஓசை டாக்டருக்கு மட்டும் கேட்டது. மூலையில் துளை போட்டு, ஃபைல் நாடாவைக் கோத்து, இறுக்கி முடிச்சுப் போட்டார்.