விலை சரிதான்

பழைய கணினிகளைச் சேர்க்கிறவர்களின் அந்த இணையக் குழுவில் எதை வேண்டுமானாலும் பேசலாம். எந்தச் சிப்பு எதோடு சேரும், மஞ்சளித்த பெட்டியை எப்படி வெளுக்க வைப்பது, யாருடைய மனைவி எதைக் குப்பைக்காரருக்குத் தூக்கிக் கொடுத்தாள், எல்லாம் பேசலாம். விற்கிறவர் சொல்கிற விலையைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது. குழுவை நடத்துகிறவருக்கு அங்கே டைனோசர் என்று பெயர். அவர் போட்ட சட்டம் அது. முக்கால்வாசி விற்பனை அவருடையதுதான் என்பதையும் சொல்லிவிட்டால், சட்டம் ஏன் வந்தது என்று யாரும் தலையைச் சொறிய வேண்டியதில்லை.

எக்ஸ்ரே அக்கா என்று குழுவில் பெயரெடுத்தவள் நிஜமாகவே ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஊர்ப்பட்ட எலும்பைப் பார்த்த கண், எதைப் பார்த்தாலும் விரிசலைத்தான் தேடும். அந்தத் திங்கட்கிழமை காலை டைனோசர் ஒரு கணினியை விற்பனைக்குப் போட்டிருந்தார். மாசு மருவில்லாதது என்று வர்ணனை. விலையோ யானை விலை, குதிரை விலை. உட்பக்கப் படத்தின் ஒரு மூலையில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. அந்தப் பச்சை வந்துவிட்டால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டை அரித்துக்கொண்டே போகும். கீழே, 'காவல்' என்ற பெயரில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டிருந்தார்: "நான் ஒரு கட்டடத்துல வாட்ச்மேனா இருக்கேன். சம்பளத்துல அட்வான்ஸ் வாங்கி இதை எடுக்கலாம்னு இருக்கேன். நல்ல பொருள்தானா?"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பச்சையைப் பார்க்காத கண் அங்கே கிடையாது. ஆனால் ஆளாளுக்கு ஏதாவது ஓர் உதிரிபாகத்துக்கு டைனோசரின் தயவு தேவையாக இருந்தது. பூனைக்கு மணி கட்டக் கிளம்பியவள் இவள்தான். "பேட்டரி கசிஞ்சிருக்கு. இதே மாடலை நான் பழைய இரும்புக் கடையில பத்துல ஒரு பங்குக்கு வாங்கினேன். அவசரப்படாதீங்க" என்று எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். நம்பமாட்டார்களோ என்று தன்னுடைய கணினியை ஒரு படம் எடுத்து ஒட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

சறுக்கியது அங்கேதான். அணைந்திருக்கும் பழைய திரை நிலைக்கண்ணாடிக்குச் சமம். அதனால் இந்தக் கூட்டத்தில் படம் எடுக்கிறவர்கள் திரையை எரியவிட்டு எடுப்பார்கள், இல்லையென்றால் மேலே ஒரு துணியைத் தொங்கவிடுவார்கள். புதியவர்களுக்கு இவளே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த பாடம். ஊருக்குச் சொன்னது தனக்கு உதவவில்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

மதியம் ஒரு பெரியவரை நெஞ்சுப் படத்துக்கு நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் வந்தபோது கைபேசி அதிர்ந்தது. டைனோசரிடமிருந்து தனிச்செய்தி. அவள் ஒட்டிய படம்தான், ஆனால் திரையை மட்டும் வெட்டி வெளிச்சம் ஏற்றியிருந்தார். கைபேசியும் கையுமாக அவள். அவளுக்குப் பின்னால், பள்ளிச் சீருடையில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த அவள் மகள். சட்டைப்பையில் பள்ளியின் முத்திரை. அடியில் ஒரே வரி: "பாப்பா ஸ்கூல் எனக்குப் பக்கம்தான். எப்ப விடுவாங்க?"

அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

"மூச்சு விடலாமாம்மா?" என்று பெரியவர் திணறிக்கொண்டே கேட்டார்.

காலையில் எழுதியதை அழித்தாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. படம்தான் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டதே. கணவன் சரக்கு வண்டியோடு வெளியூரில் இருந்தான். அவனைக் கூப்பிட்டாள்.

"போலீஸ்ல சொல்லு" என்றான்.

"என்னன்னு சொல்றது? ஸ்கூல் எப்ப விடும்னு கேட்டாருன்னா? இதுல என்னம்மா மிரட்டல்னு என்னையே திருப்பிக் கேப்பாங்க."

"மன்னிப்புக் கேட்டுத் தொலை. யாரோ ஒருத்தர் ஓட்டைப் பெட்டி வாங்குறதுக்கா நம்ம புள்ளைய பணயம் வைப்ப?"

அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள். வாசலில் பிள்ளைகளை அழைத்துப்போக வந்தவர்கள் கூட்டம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: டைனோசரின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. தலைக்கவசத்தைக் கழற்றாமல் வண்டியில் உட்கார்ந்திருந்தவர் அவராக இருக்கலாம். கம்பிவேலியில் சாய்ந்து சிரித்தபடி போன் பேசியவராகவும் இருக்கலாம். ஒருவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பக்கத்து வகுப்புப் பையனின் அப்பா என்று நினைவு வருவதற்குள் அவள் இரண்டடி பின்வாங்கியிருந்தாள்.

கைபேசி மறுபடி அதிர்ந்தது.

"வெயில்ல ஏன் நிக்கறீங்க? அந்தக் காவல் உங்க பதிலுக்குத்தான் காத்துட்டு இருக்காரு. விலை சரிதான்னு ஒரு வரி எழுதிட்டா எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போலாம்."

அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஏறக்குறைய எல்லார் கையிலும் போன் இருந்தது, எல்லாரும் குனிந்து அதில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மணி அடித்தது. கதவு திறந்து பிள்ளைகள் திபுதிபுவென்று வெளியே வந்தார்கள். அந்த நெரிசலில் மகளைக் காணவில்லை. குழுவைத் திறந்து எழுதினாள்: "நான்தான் தப்பாப் பாத்துட்டேன். விலை சரிதான். நம்பி வாங்கலாம்."

எழுதும்போதே தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அனுப்பினாள்.

மகள் கடைசிக் கும்பலோடு சாவகாசமாக வந்தாள். "நீ ஏம்மா வந்தே? நான் வேன்ல வந்திருப்பேன்ல?"

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். தெருமுனையில்தான் நின்று கைபேசியைப் பார்த்தாள். அவள் எழுதியதற்கு டைனோசர் ஓர் இதயம் போட்டிருந்தார். அதற்குக் கீழே காவல் எழுதியிருந்தார்:

"பணம் கட்டிட்டேன்க்கா. எல்லாரும் கம்முனு இருந்தப்ப எனக்காகப் பேசினது நீங்க ஒருத்தர்தான். அதனால நீங்க சொன்னா கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்னு தோணிச்சு."

"கைய விடும்மா, வலிக்குது" என்றாள் மகள்.

அவள் விடவில்லை.