கிழக்குச் சுவரில் மூன்றாவது கதவு

கண்ணாடிக்காரர் தம் மகளின் மின்னஞ்சல் முகவரியைக் குடும்பக் கணக்கிலிருந்து நீக்கிய வியாழக்கிழமை, காலை பத்தே காலுக்கு, அவர் வீட்டின் மூன்றாவது கதவு சுவராக மாறியது. சத்தம் ஏதும் இல்லை, தூசி பறக்கவில்லை. சுண்ணாம்பு அடித்து ஒரு வருடம் ஆன சுவர் எப்படி இருக்குமோ அப்படி, ஓரத்தில் லேசாக அழுக்கேறிகூட இருந்தது. மறுநாள் அவர் அந்த இடத்தில் ஆணியடித்து நாட்காட்டி மாட்டினார்.

அந்த வீட்டின் கதவுகள் அப்படித்தான். மின்சாரம், கடைக்கு வரும் லென்ஸுகள், குடும்பப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே இணையக் கணக்குப் போதும் என்று அவர் தொடங்கி, தம் முகவரியை முதன்மை முகவரியாகக் கொடுத்த அன்றே, மழைக்கு உப்பிப்போய் ஆறு மாதமாக அடம்பிடித்துக்கொண்டிருந்த வாசல் கதவு விரல் பட்டதும் மூடிக்கொண்டது. மனைவியின் முகவரியைச் சேர்த்தபோது சமையலறையில் ஒரு கதவு வந்தது. அதைத் திறந்தால் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய நூலகம், அவள் வேலை பார்க்கும் வாசிப்பறை, அதே மேசை. யாருடைய முகவரியோ அவர் இருக்கும் இடத்துக்குத் திறக்கும் கதவு. பக்கத்து வீடுகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. ஏன் இல்லை என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை, இவர்களுக்கும் சொல்லத் தெரியாது. மகள் வெளியூரில் படிக்கப் போனபோது நடுக்கூடத்தின் கிழக்குச் சுவரில் மூன்றாவது கதவு வந்தது. அவள் தினமும் சாயங்காலம் விடுதி அறையிலிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

படிப்பு முடிந்ததும் மகள் கடையில் வந்து உட்காருவாள் என்று கண்ணாடிக்காரர் மனக்கோட்டை கட்டியிருந்தார். கண் பரிசோதிக்கும் மேசைக்கு அருகே இரண்டாவதாக ஒரு நாற்காலியும் வாங்கிப் போட்டுவிட்டார். அவளோ யாரிடமும் மூச்சுவிடாமல், பனிமலை உச்சியில் இருக்கும் வானிலைக் கோபுரத்துக்கு விண்ணப்பம் போட்டு வேலையும் வாங்கிவிட்டாள். போகப் பதினோரு நாள், வரப் பதினோரு நாள். விடுப்போ வருடத்துக்கு எட்டு நாள். ஆனாலும் அவள் கவலைப்படவில்லை.

"கதவு இருக்குல்லப்பா. சாயங்காலம் வந்துடப் போறேன்" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்று தைத்தது அந்தச் சொல்தான். கதவு இருக்கும் தைரியத்தில்தானே போகிறாள் என்று மனதுக்குள் வைத்துக் குமைந்து, அவள் பாதி வழி போயிருப்பாள் என்று தெரிந்த ஒரு நாளில், முகவரிகள் பட்டியலைத் திறந்து நீக்கு என்பதை அழுத்தினார். நிச்சயமாகவா என்று கணக்கு கேட்டது. யாரைக் கேட்கிறாய் என்பதுபோல் இன்னும் பலமாக அழுத்தினார். மகள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்து, வீட்டு நடுக்கூடம் தெரியும் என்று சாமான் அறையைத் திறந்து பார்த்தபோது, அங்கே எண்ணெய் டின்களும் கம்பளிகளும்தான் இருந்தன.

நான்கு வருடம் போயிற்று. மகள் அம்மாவுக்கு எழுதினாள், அப்பாவுக்கு எழுதவில்லை. மனைவி அவரிடம் சண்டை போடவில்லை. சாப்பாட்டில் உப்பைக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. வீட்டைப் பெருக்கும்போது மட்டும் கிழக்குச் சுவர் வந்ததும் துடைப்பத்தை நிறுத்தி, உள்ளங்கையைச் சுவரில் ஒரு கணம் வைத்துவிட்டுத் தொடர்ந்து பெருக்குவாள். அவர் அதைப் பார்க்காத மாதிரி நான்கு வருடம் பார்த்தார். பிறகு ஒரு நாள் பஸ் ஓட்டும் அம்மாள் ஒருத்தி தன் பெண்ணைக் கடைக்குக் கூட்டிவந்தாள். கண்ணாடிச் சட்டம் கறுப்பா நீலமா என்று இருவரும் முக்கால் மணி நேரம் வாய்ச்சண்டை போட்டுவிட்டு, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு வெளியே போனார்கள். கண்ணாடிக்காரர் பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். மகளின் முகவரி அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

சேர் என்பதை அழுத்தியதும் சுவர் ஈர மணல்போல் இளகியது. நாட்காட்டி நழுவி விழுந்தது. உள்ளே இருந்து ஒரு கதவு, யாரும் அவசரப்படுத்தாத நிதானத்தில், மேலே வந்து நின்றது. அது அந்த ஊர்ப் பக்கத்து மரமே இல்லை. அதற்குக் கைப்பிடியும் இல்லை, சாவித்துளையும் இல்லை. திரையில் முகவரிக்குப் பக்கத்தில் இன்னும் உறுதி செய்யப்படவில்லை என்று வந்தது. உறுதி செய்யும் இணைப்போடு மகளுக்கு ஒரு மின்கடிதம் போயிருந்தது. அவள் அதைத் தொட்டால்தான் கதவு திறக்கும். தெருக்காரர்கள் வந்து பார்த்தார்கள், காரணமில்லாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தச்சர் கதவைத் தட்டிப்பார்த்து, இதில் உளி வைக்கத் தமக்குக் கை வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாடிக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் மீண்டும் அனுப்பு என்பதை அழுத்தினார். மறுநாளும் அழுத்தினார். இப்படி நாற்பது நாள். நாற்பத்தோராம் நாள் கணக்கு ஓர் எச்சரிக்கை காட்டியது: இனி ஒரே ஒரு கடிதம்தான் அனுப்ப முடியும், ஏழு நாளுக்குள் உறுதியாகாவிட்டால் அந்த முகவரியை இந்தக் கணக்கில் இனி எப்போதும் சேர்க்க முடியாது. அதே நாள் மகளிடமிருந்து மனைவிக்குக் கடிதம் வந்தது. மனைவி அதை உரக்கப் படித்தாள்.

"அம்மா, அப்பாவை வெளையாட வேணாம்னு சொல்லு. காத்து ஓஞ்சாதான் இங்க லைன் வரும், கடிதம் வர ரெண்டு மூணு நாளாகுது. எதைத் தொட்டாலும் காலாவதின்னு சொல்லுது. வேணாம்னா வேணாம்னு ஒரே தடவையா சொல்லிடட்டும்."

படித்துவிட்டு மனைவி திரையில், அந்தப் பொத்தானுக்குக் கீழே விரலை வைத்தாள். அங்கே எறும்பு அளவில் ஒரு வரி இருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். புதிய கடிதம் அனுப்பினால் பழைய கடிதத்தின் இணைப்பு செல்லாது. ஊரில் பாதிப் பேரைப் பொடி எழுத்துப் படிக்க வைத்த மனிதர், நாற்பது நாளாகத் தம் மகள் முகத்தில் தாமே கதவைச் சாத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

கடைசிக் கடிதத்தை மனைவிதான் அனுப்பினாள். அவர் தம் கையைத் தாமே நம்பாமல், கணினியை நூலகத்தில் கொண்டுபோய் வைக்கச் சொல்லிவிட்டு, கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் கதவு சில்லிட்டது. ஐந்தாம் நாள் அதன் அடியில் வெள்ளையாக உறைபனி படிந்தது. உள்ளே எங்கோ ஆளைத் தூக்கும் காற்று வீசுவது கேட்டது. அந்தக் காற்று ஓய்ந்தால்தான் கடிதம் போகும் என்பது அவருக்குத் தெரியும். ஆறாம் நாளும் ஓயவில்லை. தெருவில் பந்தாடிய பிள்ளைகள்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் நின்றார்கள்.

ஏழாம் நாள் மாலை நாலே காலுக்குக் காற்று நின்றது. அந்த அமைதியைப் போல் ஒன்றை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. ஐந்து நிமிடம் கழித்து, மரத்துக்குள்ளிருந்து ஒரு பித்தளைக் கைப்பிடி, தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் மெல்ல மேலெழுந்து வந்தது. அது அந்தப் பக்கத்திலிருந்து திரும்பியது.

கம்பளித் தொப்பியும் ஈரக் காலணியுமாக மகள் நின்றாள். அவளுக்குப் பின்னால் எண்ணெய் டின்களும், சிறிய ஜன்னலும், ஜன்னல் நிறைய மலையும் வெளிச்சமும் இருந்தன. அவள் தம்மைப் பார்க்கும் விதத்தைப் பார்த்தார்.

"கண்ணைச் சுருக்கிப் பாக்கற. பவர் ஏறியிருக்கு" என்றார்.

"பாத்து சொல்ல ஆளில்லையேப்பா."

அவர் அழுதார். மனைவி துடைப்பத்தை எடுத்துவந்து வாசலில் விழுந்த பனியைக் கூட்டித் தள்ளினாள். அன்றே கடையைத் திறந்து, இரண்டாவது நாற்காலியில் மகளை உட்காரவைத்து, அவர் அவள் கண்ணைப் பரிசோதித்தார்.

வருடத்துக்கு ஒரு முறை, இந்த முகவரிகள் இன்னும் உங்களுடையவைதானா என்று கணக்கு கேட்கும். கண்ணாடிக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்று முகவரிகளையும், அவற்றுக்குக் கீழே உள்ள பொடி எழுத்துகளையும் வரி விடாமல் படித்துவிட்டு, ஆம் என்பதை ஒரே ஒரு முறை அழுத்துவார். நடுக்கூடத்தில் எப்போதும் கொஞ்சம் குளிர் உண்டு. அதற்காகக் கிழக்குக் கதவுக்குப் பக்கத்து ஆணியில், நாட்காட்டிக்குப் பதிலாக, மூன்று கம்பளிச் சட்டைகள் தொங்குகின்றன.